போர்மேனின் வலது கை

“ஜெபம் பண்ணக் கூடாது. வசனம் சொல்லக் கூடாது. எண்ணெய் தடவக் கூடாது. இதுக்குச் சம்மதம்னா உள்ள வாங்க. இல்லாட்டி வந்த பஸ்லயே திரும்பிருங்க.”

சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டியில் ஓர் ஓட்டு வீட்டில், இரும்புக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி முருகேசன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. தலைக்குத் தலையணை இல்லை. முதுகுக்குக் கீழே வாழை இலை விரித்திருந்தது. வலது கை தோளில் இருந்து விரல் நுனி வரை கட்டுக்குள் இருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாததால் அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்.

எண்ணெய் என்று அவர் சொன்னது, சிலர் ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெயை. நான் எந்த எண்ணெயும் கொண்டு போகவில்லை. என் பையில் இருந்தது பஞ்சும் காஸ் துணியும் வெள்ளை ஆயின்மென்டும்தான்.

“சம்மதம். வெந்நீர் எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

போன வாரம் இந்தப் பகுதியில் பிரசவ வார்டுக் கூத்துகளை எழுதியதற்கு, படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் அவ்வளவு சிரிப்பு கிடைக்காது. ஆனாலும், விசுவாசம் விசுவாசம் என்கிறீர்களே, அதை வைத்துக்கொண்டு தினமும் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அவருக்குப் பதிலாக எனக்கு ஞாபகம் வருவது இந்தக் கட்டில்தான்.

அஞ்சாவது ஆள்

முருகேசன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். இருபது வருஷ அனுபவம். திரி நீளத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார் என்பார்கள். யார் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்வதும் அவர்தான்.

பட்டாசு ஆலைகளை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்காக ஒரு விஷயம். அங்கே வேலை நடப்பது பெரிய கூடத்தில் அல்ல. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளில். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். ஏதாவது ஆகிவிட்டால் சேதம் நாலு பேரோடு நிற்க வேண்டும் என்பது கணக்கு. கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்குதான் பல வீடுகளில் விளக்கு எரிய வைத்திருக்கிறது.

சீசன் நெருக்கத்தில், லோடு ஏற்ற லாரி வந்து நிற்கும்போது, அந்த நாலு அஞ்சாகும். ஆறாகும்.

அன்று அஞ்சாக இருந்தது. காலை வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அறை வெடித்தது. மூன்று பெண்கள் போய்விட்டார்கள். ஒருத்தி பின்வாசல் வழியே ஓடித் தப்பினாள். இன்னொருத்தியை, வெளியே நின்ற முருகேசன் நெருப்புக்குள் கையை விட்டு இழுத்துப் போட்டார். அந்தக் கைதான் இந்தக் கை.

இறந்துபோன மூவரில் ஒருத்தி கிருபா. எங்கள் சபைப் பெண். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். எனக்கு அடுத்த இடத்தில் உட்காருவாள். என் கண்ணாடியை மறந்து வந்த நாட்களில் பாட்டு எண்ணைக் காதில் சொல்பவள். அவளை அடக்கம் செய்தபோது பெட்டியைத் திறந்து காட்டவில்லை. அந்தப் பெட்டியின் மேல் நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

அவள்தான் அந்த அஞ்சாவது ஆள்.

பாண்டியம்மாள் வந்த நாள்

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு நான் சிவகாசியில் ஒரு சின்ன கிளினிக்கில் காலை நேரம் மட்டும் இருந்தேன். கிருபாவை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பாண்டியம்மாள் என்று ஒரு பெண் மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து நின்றாள். வீட்டுக்காரரை டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிவிட்டார்கள், தினமும் கட்டு மாற்ற வேண்டுமாம், தன்னால் அந்தக் கையைப் பார்க்கவே முடியவில்லை, பார்த்தால் மயக்கம் வருகிறது, யாராவது வீட்டுக்கு வந்து செய்வார்களா என்று கேட்டாள்.

சீட்டில் பெயரைப் படித்தேன். ஊரைப் படித்தேன். யாரென்று தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். அன்பு பொங்கி நான் சம்மதிக்கவில்லை. அந்தப் பெயரைப் பார்த்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் கை நீண்டது. ஆனால் சீட்டில் “தினசரி டிரெஸ்ஸிங்” என்று எழுதியிருந்தது. முப்பத்து மூன்று வருஷம் அப்படி எழுதியிருந்ததை நான் ஒரு நாளும் தள்ளிப் போட்டதில்லை.

அன்பு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஆண்டவர் எங்கேயும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. வேலையைத் தொடங்கு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவராகத்தான் அவரை நான் அறிந்திருக்கிறேன். “நாளைக்குக் காலைல வாரேன்” என்றேன்.

ஜெபம் கூடாது என்ற நிபந்தனையும் எனக்குப் பாரமாக இல்லை. அது அவர் வீட்டுக்குள் மட்டும்தான். சிவகாசி பஸ் நிலையத்தில் இருந்து புதுப்பட்டி வரைக்கும் பஸ்ஸில் யாரும் எனக்கு நிபந்தனை போடவில்லை.

மூன்றாம் நாள் நான் செய்த தப்பு

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவதில் பாதி வேலை பொறுமை. பழைய துணி சதையோடு ஒட்டியிருக்கும். உப்புப் போட்டுக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றி ஊற்றி ஊறவிட வேண்டும். தானாக நழுவ வேண்டும். நாம் இழுக்கக் கூடாது.

நான் படித்த மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர் ஒருவர் இருந்தார். கேரளத்துக்காரர். நாங்கள் அவசரப்பட்டுத் துணியை இழுத்தால், அதே நிமிஷம் எங்கள் முன்கையில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிச் சரக்கென்று பிய்ப்பார். முடியெல்லாம் வந்துவிடும். “இது முடி. அது சதை” என்பார். அவ்வளவுதான் பாடம். இன்றுவரை பிளாஸ்திரியைப் பார்த்தால் என் முன்கை கூசும்.

அந்தப் பாடம் மூன்றாம் நாள் என்னைக் கைவிட்டது. இல்லை, நான்தான் அதைக் கைவிட்டேன்.

அன்று காலை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிருபாவின் புருஷன் தங்கராஜைப் பார்த்தேன். அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் வேலை பார்ப்பவர். சைக்கிளை நிறுத்தினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

அந்தப் பார்வையோடு போய் முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரை ஊற்றினேன். ஊறுகிற நேரம் எனக்குத் தெரியும். காத்திருக்கவில்லை. இழுத்தேன்.

அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார். முன்கையில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது.

நான் செய்தது கவனக்குறைவு அல்ல. எனக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். அப்படியே துணியை விட்டுவிட்டு, தப்புப் பண்ணிவிட்டேன், இன்னும் ஊற விட்டிருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். வேலையில் அப்படி ஆகும்தான் என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். அவர் அதை வேலையில் வந்த பிசகு என்று நினைத்துக்கொண்டது எனக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவருக்காக நான் ஜெபிக்கவில்லை. என் கைக்காக ஜெபித்தேன். அடுத்த நாளில் இருந்து கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். அந்தக் கால் மணி முழுவதும் தண்ணீருக்கு.

ஆயர் வீட்டுக் கோழிகள்

சபையில் பேச்சு கிளம்பியது. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, கிருபா போட்டிருந்த வளையல்கூட இன்னும் அலமாரியில் இருக்கிறது, அதற்குள் அவளைக் கொன்றவனுக்குப் பணிவிடையா என்று கேட்டார். இன்னொருவர் நேர்மாறாக, இவ்வளவு நல்ல வாய்ப்பு, தினமும் அந்த வீட்டுக்குள் போகிறீர்கள், ஒரு ஜெபம்கூடப் பண்ணாமல் வருகிறீர்களே என்றார். குணமானதும் அவரை மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கலாம் என்பது அவர் யோசனை.

இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், கட்டுப் போடப் போகிறேன், அவ்வளவுதான். என்னிடம் இருந்த பெண்கள் ஐக்கியச் செயலாளர் பொறுப்பு அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது. தங்கராஜ் எங்கள் வரிசையை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

எங்கள் ஆயர் அப்போது வயதில் சின்னவர். என் பிள்ளையைவிட இளையவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண்டிக்கப் போகிறார் என்று தயாராகத்தான் போனேன். தீக்காயத்துக்கு என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

முட்டை என்றேன். புதுத் தோல் கட்டச் சத்து வேண்டும், தினமும் மூன்று நாலு முட்டை கொடுத்தால் நல்லது, அந்த வீட்டில் அது நடக்காது என்றேன்.

மறுநாளில் இருந்து ஆயர் வீட்டு வாசலில் ஒரு தூக்குச் சட்டியில் முட்டை தயாராக இருக்கும். அவர் மனைவி எட்டுக் கோழி வளர்த்தார். யார் கொடுத்தது என்று பாண்டியம்மாளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்வது எனக்குப் பிடிக்காது. அவள் புருஷனிடம் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, முட்டை நிபந்தனையில் இல்லை என்றாராம்.

மேனேஜர் கொண்டுவந்த காகிதம்

இரண்டு மாதத்தில் தோள் ஆறியது. கழுத்து லேசாகத் திரும்பியது. கைதான் மல்லுக்கு நின்றது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்ட வேண்டும். மடக்கும்போது அவர் என்னைத் திட்டுவார். திட்டட்டும், மடங்கினால் சரி என்று நான் எண்ணிக்கொண்டே மடக்குவேன். பத்து முறை. ஒன்பதில் விட்டதில்லை.

அப்படி ஒரு காலையில் கம்பெனி மேனேஜர் வந்தார். ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வைத்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். மறுவாரம் அரசு விசாரணை. அங்கே முருகேசன் சொல்ல வேண்டியது காகிதத்தில் எழுதியிருந்தது. அறையில் விதிப்படிதான் ஆள் இருந்தது, அஞ்சாவதாகக் கிருபா தானாக உள்ளே போனாள், வெடிமருந்துத் தட்டைத் தரையில் இழுத்தாள், உரசலில் பற்றிக்கொண்டது. இதில் கையெழுத்துப் போட்டு, இப்படியே சொன்னால் வழக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

இந்தப் பேச்சு ஊரில் முன்னமே இருந்தது. தங்கராஜின் காதிலும் விழுந்திருந்தது. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர், இறந்துபோன மற்ற இருவர் வீட்டு ஆட்கள் முகத்திலும் முழிக்க முடியாமல் திரிந்தார்.

நான் தலை நிமிராமல் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் போன பிறகு முருகேசன் கேட்டார்.

“எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான இருந்தீக. என்ன சொல்றீக?”

“நான் கைக்கு வந்தவ. இதைக் கேக்க வந்தவ இல்ல.”

“இப்ப நான் கேக்கேன்ல.”

கத்தரியைக் கீழே வைத்தேன். கேட்ட பிறகு சொல்லாமல் இருப்பதும் பொய்தான்.

“கிருபா எங்க சபைப் பிள்ள. கோயில்ல என் பக்கத்துல உக்காருவா. மூணு பேரு சாவுக்கும் அவதான் காரணம்னு ஊரு பேசுது. நிஜமா அவ தட்டை இழுத்தாளா?”

அவருக்கு அது அதுவரை தெரியாது. நான் அவளை அறிந்தவள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் கழுத்தை வலியோடு திருப்பி என் முகத்தை முழுசாகப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, நாளையில் இருந்து வர வேண்டாம் என்றார்.

கதவு திறந்தது

இரண்டு நாள் போகவில்லை. கிளினிக்கில் ஊசி போடுகிறேன், பிரஷர் பார்க்கிறேன், மனசெல்லாம் அந்த விரல்களில் இருக்கிறது. இரண்டு நாள் மடக்காவிட்டால் இரண்டு மாத வேலை வீண். அப்போதுதான் எனக்கே பிடிபட்டது. எப்போதோ, எந்தக் கட்டுக்கும் எந்தக் கட்டுக்கும் நடுவிலோ, அந்த மனிதர் பிழைத்து நன்றாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படத் தொடங்கியிருந்தேன். அன்பு என்று அதற்குப் பெயர் வைக்கக் கூச்சமாக இருந்தது. வேறு பெயரும் அகப்படவில்லை.

மூன்றாம் நாள் கூப்பிடாமலே போனேன். கதவைத் தட்டினால் பாண்டியம்மாள் திறந்தாள். அடுப்பில் உப்புத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாளும் காய்ச்சி வைத்துக் காத்திருந்தாளாம்.

உள்ளே போய் முருகேசனின் கட்டைப் பிரித்தேன். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியபோது, கையெழுத்துப் போடவில்லை என்றார். காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே போனேன்.

விசாரணையில் அவர் சொன்னதை அங்கே இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். அறையில் ஏற்கெனவே நாலு பேர். அஞ்சாவதாகக் கிருபாவை உள்ளே அனுப்பியது நான். சீக்கிரம் முடி என்று மேலே இருந்து நெருக்கினார்கள், ஆனாலும் அனுப்பியது என் வாய். அவள் வாசற்படி தாண்டி இரண்டு எட்டுத்தான் வைத்திருந்தாள், அவள் கையில் ஒன்றுமே இல்லை. இதைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு மூலையில் தங்கராஜும் நின்று கேட்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் பலன் என்ன என்று கேட்பீர்கள். கம்பெனி அவரைக் கைவிட்டது. வழக்கு அவர் மேலும் பாய்ந்தது. இன்றைக்கும் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போகிறார். பட்டாசு வேலை இனி இல்லை. ஊருக்குள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, இடது கையால் கல்லாவைப் பார்க்கிறார். எங்கள் சபைக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. வீட்டுச் சுவரில் அவருடைய குலதெய்வம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. நான் தோற்றுவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு நொடிகூடத் தோன்றியதில்லை.

தங்கராஜ் கேட்டது

விசாரணை முடிந்து ஒரு வாரம் இருக்கும். நான் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள்தான் எப்போதும் முழங்கையைத் தாங்கிப் பிடிப்பாள். அதற்குள் அவளுக்கு மயக்கமெல்லாம் போயிருந்தது. வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் தங்கராஜ்.

அவர் உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருகேசன் எழுந்திருக்கப் பார்த்தார். நான்தான் அசையாதீர்கள் என்றேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார் தங்கராஜ். “அவ கடைசியா என்ன சொன்னா? உங்ககிட்டத்தான பேசியிருப்பா.”

ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாம். ஆண்டவரைக் கூப்பிட்டாள், பிள்ளைகளைக் கூப்பிட்டாள் என்று சொல்லியிருந்தால் தங்கராஜ் நம்பியிருப்பார். முருகேசன் அப்படிச் செய்யவில்லை.

“‘அண்ணாச்சி, உள்ள நாலு பேரு இருக்காக, நான் வெளிய மரத்தடியில உக்காந்துக்கிடுதேன்’னு சொல்லுச்சு. நான்தான் லோடு நிக்கிது, உள்ள போன்னேன். ‘சரிங்க அண்ணாச்சி’ன்னுட்டுப் போச்சு. அம்புட்டுத்தான்.”

பாண்டியம்மாள் கையை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முருகேசனின் கை பிடி இல்லாமல் அந்தரத்தில் நின்றது. கட்டைப் பாதி சுற்றியிருந்தேன். ஒரு கையில் துணிச் சுருள், மறு கையால் விரல்களைப் பிரித்துப் பிடித்திருக்கிறேன். எனக்கு மூன்றாவது கை இல்லை. நான் யாரையும் கூப்பிடவும் இல்லை.

தங்கராஜ் அழவில்லை. வெளியே தெருவைப் பார்த்தபடி, “வீட்லயும் அப்படித்தான். ஒரு தடவ சொல்லுவா. அப்புறம் சரின்னுருவா” என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, காகிதக் கட்டைத் தூக்கிப் பழகிய அந்தக் கைகளால் முருகேசனின் முழங்கையை அடியில் தாங்கிப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துணிச் சுருளைத்தான் பார்த்தார்.

“எம்புட்டு நேரம் பிடிக்கணும் சிஸ்டர்?” என்று கேட்டார்.

“கட்டி முடிக்கிற வரைக்கும்” என்றேன்.

வழக்கமாக அஞ்சு சுற்றில் முடிகிற கட்டு அது. அன்று நான் எட்டுச் சுற்றுச் சுற்றினேன்.